கல் திரைக்குப் பின்னால் அக்கா

என் அக்காவின் வேலையைப் பறித்தது வேறு யாருமில்லை, அவளுடைய குரல்தான்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். மாடியில் ஓர் அறை. ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நாற்காலியைத் திருப்ப முடியாது. ஒரு மேஜை, ஒரு மைக், வெயில் படாமல் இருக்க காகிதம் ஒட்டி அடைத்த ஒரு ஜன்னல். அங்கே உட்கார்ந்துகொண்டு "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் போதும், கீழே ஓடிக்கொண்டிருக்கிறவன் நிற்பான், நின்றுகொண்டிருக்கிறவன் ஓடுவான்.

ஒருநாள் மேலதிகாரி வந்து, "தினமும் இப்படிக் கத்தினா தொண்டை என்னத்துக்கு ஆகும்மா?" என்று ரொம்பக் கரிசனமாகப் பேசினார். பேசிவிட்டு, எல்லா ஊர்ப் பெயர்களையும், எல்லா நடைமேடை எண்களையும், "சற்றுத் தாமதமாகப் புறப்படும்" என்பதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வைத்துப் பதிவு செய்துகொண்டார். அக்கா அன்றைக்கு நல்ல துணியாக உடுத்தி, தலையை இரண்டு தரம் வாரிக்கொண்டு போனாள். குரல் பதிவுக்கு எதற்குத் தலை வாருகிறாய் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் புத்தி வேலை செய்யவில்லை. பதிவு முடிந்தது. மாலை போட்டார்கள். அத்தோடு வேலையும் முடிந்தது.

இப்போது அந்தக் குரல் விடுப்பே எடுக்காமல் இரவும் பகலும் உழைக்கிறது. அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒலிபெருக்கிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்குக் குரல் நல்லா இருந்துச்சும்மா" என்பார். அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்டா" என்று ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாலு நாள் எப்போதோ போய்விட்டது. பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது. துணி வேண்டுமென்றால் அதை இழுத்து, எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டித் தள்ளிவிடுவாள். என் மனைவி அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்துவிட்டு, "அண்ணி, இங்க வச்சுக்கோங்களேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, எதுக்கு" என்பதே பதில். அந்தத் தட்டு காலியாகவே கிடந்தது. என் சட்டைகளை வைக்கலாம் என்றால் மனைவி விடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கோட்டைக்கு வழிகாட்டி தேவை என்று விளம்பரம் வந்தது. ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஒரு பழைய அரண்மனைக் கோட்டை இருக்கிறது. ராஜா இல்லை, ராணி இல்லை, ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. அக்கா விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கோட்டை அதிகாரி ஓர் அம்மா. பேச்சு முடியும்வரை காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாராம். அதனால் அக்கா தடங்கலில்லாமல் பேசிவிட்டாள். "குரல் பிரமாதம். ஒரு நாள் கூட்ட நேரத்துல வந்து ஜனங்களுக்குச் சுத்திக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றுவிட்டார் அந்த அம்மா.

வினை அங்கேதான். யாராவது முகத்தைப் பார்த்தால் அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷமாக ஊர் முழுக்கக் கேட்கப் பேசியிருக்கிறாள். ஓர் ஆளின் எதிரில் நின்று பேசியதில்லை.

வீட்டில் ஒத்திகை நடந்தது. கோட்டையின் வரலாறு முழுவதையும் அக்கா மனப்பாடம் செய்துவிட்டாள். நாங்கள்தான் சுற்றுலாப் பயணிகள். நிபந்தனை ஒன்றே ஒன்று: நாங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். நான், மனைவி, அப்பா மூவரும் கூடத்துச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்போம். முதுகுக்குப் பின்னால் போர்கள் நடக்கும், மன்னர்கள் முடிசூடுவார்கள், மடிவார்கள். அப்பா நின்றபடியே தூங்கி, நெற்றியால் சுவரை முட்டுவார். பால் போட வந்த ஆள் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, பாக்கெட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து அவர் உள்ளே வருவதே இல்லை.

"இது சரிப்படாது" என்றாள் மனைவி. "அண்ணிக்கு அந்த எடம் பழகணும். சோதனை அன்னிக்கே கோட்டை திறக்கும்போது போயிடுவோம். அப்போ ஈ, காக்கா இருக்காது. காலியா இருக்கற எடத்துல ரெண்டு ரவுண்டு பேசிப் பாத்துட்டா, கூட்டம் வரும்போது பயம் தெளிஞ்சிருக்கும்."

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். தூக்கத்தின் அருமையை நாள் முழுவதும் பிறருக்கு எடுத்துச் சொல்கிறவன். விடிவதற்கு முன்னால் எழுந்திருப்பது என் தொழிலுக்கே செய்யும் துரோகம். அதை அக்காவுக்காகச் செய்தேன். செய்தேன் என்பதைவிட, மனைவி போர்வையை உருவினாள் என்பதுதான் உண்மை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குன்றின் மேல் இன்னும் சாம்பல் நிற வெளிச்சம்தான். கோட்டைக் கதவு யானை இடித்தாலும் திறக்காத கதவு. அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காவலர் டீ குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு நாய்.

"இவ்ளோ சீக்கிரம் எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"கூட்டம் இருக்காதேன்னு" என்றேன்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அதனாலதான் காலையில கூட்டம். சாயங்காலம் வந்து பாருங்க, நானும் இவனும்தான் இருப்போம்." நாய் ஆமாம் என்பதுபோல வாலை ஆட்டியது.

அவர் சொன்னதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவு திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே போனோம். பெரிய வாயிலின் வளைவுக்குக் கீழே வந்ததும் அக்கா நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"திரும்புங்க."

திரும்பினோம். கருங்கல் சுவரை மூக்கு தொட நின்றோம்.

"எதிரிகள் யானைகளைக் கொண்டு மோதினாலும் தகர்க்க முடியாதபடி..." என்று அக்கா ஆரம்பித்தாள். அருமையாக இருந்தது. நடுவே ஒரு துடைப்பச் சத்தம் வந்து எங்கள் அருகில் நின்றது. கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க, இவங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்காவின் குரல் யானையோடு நின்றுபோனது.

அகழிப் பக்கம் போனோம். மனைவி வேறு வழி சொன்னாள். "அண்ணி, எல்லாரும் பாத்தாத்தானே பயம்? நான் ஒருத்தி மட்டும் பாக்கறேன். நம்ம வீட்டு மூஞ்சிதானே. சொல்லுங்க."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "இந்த அகழி... இந்த அகழியில..."

"ம், அகழியில?"

"உன் கன்னத்துல பேஸ்ட் ஒட்டியிருக்கு."

"இருக்கட்டும். அகழியில என்ன?"

"என்னமோ இருந்துச்சு" என்றாள் அக்கா.

"முதலை" என்றார் அப்பா. வீட்டில் கேட்டுக் கேட்டு அவருக்கும் பாடமாகியிருந்தது. "சொல்லும்மா, முதலை. எனக்கே தெரியுது. எதுக்கு முதலை விட்டாங்கன்னு கேளு, அதையும் சொல்றேன்."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன்.

அக்கா ஒரு பீரங்கி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கீழே பார்க்கிங்கில் ஒரு பெரிய பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"திரும்பிப் போயிடலாம்டா" என்றாள். "எனக்கு வராது."

"என்னக்கா, இதுக்குப் போய்... இது இல்லாட்டி என்ன, வீட்ல இருந்துட்டுப் போ. உனக்குச் சோறு போடறதுல நாங்க என்ன கொறைஞ்சா போயிடுவோம்?"

"உனக்கு ஒண்ணும் இல்லடா. எனக்குத்தான்." விரலால் பீரங்கியின் துருவைச் சுரண்டினாள். "அந்தப் பெட்டியைத் தெறந்து துணியெல்லாம் அடுக்கி வைக்கணும்னு தினமும் நெனைக்கறேன். அடுக்கி வச்சுட்டா அப்புறம் எனக்கு வீடு அதுதான்னு ஆயிடும். உன் பொண்டாட்டி தங்கம். அதுக்காக? இந்த வயசுல நான் சம்பாதிச்சு, நான் பூட்டி, நான் தெறக்கற ஒரு கதவு வேண்டாமா எனக்கு?"

மனைவி வேறு பக்கம் திரும்பிக் கன்னத்தைத் துடைத்தாள். பேஸ்டைத் துடைக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எனக்கு இந்த மாதிரி நேரங்களில் யோசனை வரும். வந்த யோசனைகளால் யாரும் உருப்பட்டதாக வரலாறு இல்லை. ஆனாலும் வரும். அடுத்தாற்போல இருந்த சபை மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உயரமான மண்டபம். ஒரு கோடியில் சிம்மாசன மேடை. அதற்கு மேலே, கூரைக்குக் கொஞ்சம் கீழே, பூப்பூவாகத் துளையிட்ட ஒரு கல் திரை. ராணிகள் அதற்குப் பின்னால் உட்கார்ந்து சபையில் நடப்பதைப் பார்ப்பார்களாம். கீழே இருப்பவர்களுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். இதுவும் வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றபோது தெரிந்துகொண்டதுதான்.

"அக்கா, நீ மேல போ" என்றேன்.

"எதுக்கு?"

"மேல போய் அந்தத் திரைக்குப் பின்னால நின்னு பேசு. ஒரு பயலுக்கும் உன்னைத் தெரியாது. உன் பழைய ரூம் மாதிரியேதான். அங்கிருந்து முழுசா ஒரு தடவை சொல்லிட்டேன்னா தைரியம் வந்துடும்."

அக்கா திரையை அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சின்ன ஆசை தெரிந்தது. சிம்மாசனத்துக்குப் பக்கவாட்டில், ஆள் ஒருக்களித்துத்தான் ஏற முடியும் என்கிற மாதிரி ஒரு படிக்கட்டு. அதில் ஏறி மறைந்தாள். அப்புறம் மண்டபம் முழுக்க அந்தக் குரல் இறங்கியது.

"வருகை தந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். நீங்கள் இப்போது நின்றுகொண்டிருப்பது மன்னர் நீதி வழங்கிய மண்டபம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்கும் அதே முகத்தோடு நின்றார். அந்தக் குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை, ஓர் அவசரம் இல்லை. தூண்கள் எங்கிருந்து வந்தன, வழக்குகளை எப்படி விசாரித்தார்கள், யாருக்குத் தண்டனை, யாருக்கு மன்னிப்பு. "இந்த மண்டபத்தின் அமைப்பு எப்படிப்பட்டது என்றால், கீழே இரண்டு பேர் காதோடு காதாகப் பேசினாலும் மேலே ராணிக்குக் கேட்கும்."

அதற்குள் பேருந்தில் வந்தவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு பெருங்கூட்டம். தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில். "அப்பாடா, கூட்டம் இல்லாம வந்துட்டோம்" என்று கூட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். குரலைக் கேட்டதும் அப்படியே நின்றார்கள். சிலர் ஸ்பீக்கர் எங்கே என்று தூண்களுக்குப் பின்னால் தேடினார்கள். ஒரு தாத்தா காதுக் கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பருமனான ஓர் அம்மா, குரல் கேட்டதுதான் தாமதம், கீழே வைத்திருந்த பையைச் சட்டென்று எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் இரண்டடி வைத்துவிட்டார்.

"எங்கம்மா போறே?" என்றாள் அவருடைய மகள்.

"இல்லடி, இந்தக் குரலைக் கேட்டா நம்ம பஸ் வந்துடுச்சுன்னு கால் தானா கெளம்புது."

நான் பூரித்துப்போய் நின்றேன். அப்போதுதான் பக்கத்தில் ஒரு குரல். "யார் பேசறது? நாங்க இங்க ஸ்பீக்கர் எதுவும் மாட்டலையே?"

கோட்டை அதிகாரி அம்மா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் டப்பா. கூட்டம் வருவதற்கு முன்னால் வந்தால்தான் நிம்மதியாகச் சாப்பிட முடியும் என்று அவரும் சீக்கிரம் வந்திருக்கிறார்.

"ஸ்பீக்கர் இல்லைங்க மேடம். எங்க அக்கா. இன்னிக்கு உங்ககிட்ட சோதனைக்கு வர்றவங்க" என்றேன்.

"அவங்களா? மேல என்ன பண்றாங்க?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன், ஒத்திகை பார்க்கிறார்கள், இப்போது இறங்கி வந்துவிடுவார்கள் என்று சொல்லியிருப்பான். நான் விற்பனையாளன். வாடிக்கையாளர் நின்று பார்த்துவிட்டால் போதும், மெத்தையில் படுக்க வைக்காமல் விட மாட்டேன்.

"மேடம், ஜனங்களைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். "அசையாம நிக்கறாங்க. ஆள் தெரிஞ்சிருந்தா இப்படிக் கேப்பாங்களா? ராணியே பேசற மாதிரி இல்ல? இதையே வழக்கமா வச்சுக்கலாம் மேடம். ஆளே முன்னால வரத் தேவையில்ல. குரல் ஒண்ணு போதும்!"

அந்த அம்மா யோசித்தார். முகம் மலர்ந்தது. வாடிக்கையாளர் படுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்றது ரொம்பச் சரி" என்றார். "ஆளே வேண்டாம்தான். ஒரு நாள் உக்கார வச்சு, பேச வச்சு, பதிவு பண்ணிட்டா வருஷக் கணக்குக்கு ஓடும். பாவம், இவங்களும் தினமும் படியேறி எறங்கித் தொண்டையைக் கெடுத்துக்க வேண்டாம் பாருங்க."

அதே கரிசனம்.

மனைவி என் இடுப்பில் கிள்ளினாள். அந்தக் கிள்ளல் அடுத்த வாரம் வரை நீலமாக இருந்தது. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

மேலே குரல் நின்றுவிட்டது, ஒரு வாக்கியத்தின் நடுவில். "அன்று முதல் இம்மண்டபத்தில்" என்றது, அதற்கு மேல் வரவில்லை. கீழே காதோடு காதாகப் பேசினாலே மேலே கேட்கும். நான் வியாபாரக் குரலில் பேசியிருந்தேன்.

எல்லோரும் அண்ணாந்து காத்திருந்தார்கள். "கரன்ட் போயிடுச்சு போல" என்றார் காதுக் கருவித் தாத்தா.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். நடுவில் ஓரிடத்தில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. திரும்ப மேலேறிவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு அக்கா வெளியே வந்தாள். தலையில் ஒட்டடை, தோளில் சுண்ணாம்பு. அத்தனை கண்களும் அவள்மேல் திரும்பின. ஒரு கை அருகில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

எல்லோரும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சலாமா என்றுகூட நினைத்தேன். வாயைத் திறந்தேன். மனைவியின் விரல்கள் மறுபடியும் இடுப்புக்கு வந்தன. மூடிக்கொண்டேன்.

பையை மாட்டிய அம்மாதான் முதலில் பேசினார். "நீங்கதானா? பஸ் ஸ்டாண்டுல? அது மெஷின்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு!"

அக்கா தலையை மட்டும் அசைத்தாள்.

"ஏம்மா, நீங்க மேல போய்ட்டு வந்தீங்களே, ராணி உக்காந்த எடத்துலேர்ந்து பாத்தா என்னதான் தெரியும்?"

இது பாடத்தில் இல்லை. அப்பா வாயைத் திறந்துவிட்டு, தனக்கும் தெரியாது என்று புரிந்து மூடிக்கொண்டார். அக்காவின் உதடு அசைந்தது.

"தலை" என்றாள்.

"தலையா?"

"ராஜாவோட சிம்மாசனம் நேரா அதுக்குக் கீழதான இருக்கு? மேலேர்ந்து பாத்தா முகமெல்லாம் தெரியாது. உச்சந்தலைதான் தெரியும்." கையைத் தன் உச்சியில் வைத்துக் காட்டினாள். "கிரீடத்தைக் கழட்டி வச்சார்னு வைங்க, ராஜாவுக்கு வழுக்கை விழற விஷயம் இந்த நாட்டுலயே மொதல்ல ராணிக்குத்தான் தெரியும்."

கூட்டம் சிரித்தது. அக்கா அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திடுக்கிட்டாள். இருபது வருஷ அறிவிப்பில் ஒரு பயணியும் சிரித்து அவள் கேட்டதில்லை.

"அதோ பாருங்க" என்று கையை நீட்டினாள். "திரையில ஓரத்துத் துளை மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு, தெரியுதா? நான் இப்போ அதுல நெத்தியை வச்சுப் பாத்தேன், அப்படியே பொருந்துது. எத்தனை பேர் நெத்தியோ, நமக்கு என்ன தெரியும்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்தக் கணத்தில் நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். அவளைப் பார்க்கிற ஒரு முகமும் அங்கே இல்லை. வெறும் தாடைகள், கழுத்துகள், திறந்த வாய்கள். கையை இறக்கினாள். முகங்கள் இறங்கின. அவள் பயந்துவிட்டாள். அவசரமாக இடது பக்கத் தூணைக் காட்டினாள். முகங்கள் தூணுக்குப் போயின. மெதுவாகக் கூரைக்குக் கொண்டுபோனாள், கூடவே போயின. குழந்தை முதன்முதலில் விளக்கு சுவிட்சைக் கண்டுபிடித்ததும் போட்டுப் போட்டு அணைக்குமே, அப்படித்தான் அவள் முகம் இருந்தது.

அப்புறம் என்ன? தூண், கூரை, சிம்மாசனம், கல்லில் வாள் தீட்டிய தடம் என்று கை போய்க்கொண்டே இருந்தது. அச்சடித்த தமிழ் படிக்கட்டிலேயே கழன்று விழுந்து வீட்டுத் தமிழ் வந்துவிட்டிருந்தது. "இங்க வழுக்கும், பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கூட்டம் பின்னால் நடந்தது. முதுகைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் இல்லையே.

அடுத்த முற்றத்தில் ஒரே ஓர் இடத்தில் தடுமாறினாள். நீராழித் தொட்டியைக் காட்டியபோது எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் பெருமை பொங்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கண் எங்கள்மேல் பட்டது. "இந்தத் தொட்டி... இந்தத் தொட்டி..." மனைவி சட்டென்று எங்கள் இரண்டு பேரின் தலையையும் பிடித்துத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். பிறகு தொட்டியில் தண்ணீர் வந்தது.

சுற்று முடிந்து பேருந்துக் கூட்டம் கலைந்ததும் அதிகாரி அம்மா அருகில் வந்தார். டிபன் டப்பா இன்னும் திறக்கப்படாமல் கையில் இருந்தது.

அக்கா முந்திக்கொண்டாள். "மேடம், ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிடறேன். குரலைப் பதிவு பண்றதா இருந்தா நான் வரல. எனக்கு இந்த வேலை ரொம்ப வேணும். ஆனா அதுக்கு மாட்டேன்." குரல் நடுங்கியது. ஆனாலும் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மேல என்ன தெரியும்னு அந்தம்மா கேட்டாங்களே, அது உங்க பாடத்துல இருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"அப்போ பதிவு பண்ணி வச்சா அதுக்கு யார் பதில் சொல்லுவா, சிம்மாசனமா?" அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரிக்கிற ஜாதி இல்லை போலிருக்கிறது. "இப்போ காட்டினது கணக்குல வராது. சோதனை இன்னும் நடக்கல. கூட்ட நேரத்துல வாங்க, நான் கூடவே வருவேன். மேல ஏறக் கூடாது. சரி, அந்த ராஜா வழுக்கை விஷயம் எந்தப் புத்தகத்துல இருக்கு? நான் படிச்சதில்லையே."

"புத்தகம் இல்ல மேடம்" என்றாள் அக்கா. "நான் எட்டிப் பாத்தப்போ சிம்மாசனத்துக்குக் கீழ என் தம்பி நின்னுட்டிருந்தான்."

என் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. மனைவி எனக்குப் பின்னால் வந்து எம்பிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றாள். ஒரு மாசமாகத் தெரியும், சொல்ல மனசு வரவில்லை என்று பிறகு ஒத்துக்கொண்டாள்.

அதிகாரி போனதும் அக்கா எங்களைப் பார்த்தாள். "நீங்க வெளிய போய் உக்காருங்க."

"என்னது? சோதனைக்கு நாங்க வேண்டாமா?" என்றார் அப்பா. "நாங்கதானே உனக்குப் பக்கபலம்?"

"அப்பா, அந்த ஜனங்க யாரும் என்னைப் பாக்கல. அவங்களுக்கு நான் யாரோ. நீங்க மூணு பேர்தான் வெச்ச கண்ணு வாங்காம பாக்கறீங்க. உங்களைப் பாத்தாத்தான் எனக்கு வாய் ஒட்டிக்குது. போங்க. தயவுசெஞ்சு போங்க."

விடிவதற்கு முன் எழுந்து, மெத்தை இனத்துக்கே துரோகம் செய்து, சுவரில் மூக்கைத் தேய்த்த எங்களுக்கு இதுதான் கிடைத்தது. வெளியே வந்து கோட்டை வாயிலுக்கு எதிரில் ஒரு திட்டில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. பேருந்துகள் வந்தன. வரிசை வளைந்து வளைந்து பார்க்கிங் வரை போனது. காவலர் என்னைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை. மனைவி பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "என்ன ஆனா ஆகட்டும், நான் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று அப்பா இரண்டு தரம் எழுந்தார். "உக்காருங்க மாமா, காரியத்தைக் கெடுத்துடாதீங்க" என்று அவள் இரண்டு தரமும் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் அந்த அலமாரித் தட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அது காலியாகவே இருந்தால் நல்லது என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, என் சட்டைகளுக்காக அல்லாமல் நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து அக்கா வாயிலில் தெரிந்தாள். தனியாக. நடை வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு எதிரில் வந்து நின்று, மனைவி கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வாயைத் திறந்தாள். வந்தது குரல் இல்லை, காற்று. இத்தனை வருஷம் மைக்குக்கு முன்னால் மெல்லப் பேசிய தொண்டை. வெட்டவெளியில் ஊருக்குக் கேட்கக் கத்தியதில் கிழிந்துபோயிருந்தது.

"கெடச்சிருச்சு" என்றது அந்தக் காற்று.

மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மூக்கு அடைத்தது. காலைப் பனி ஆகாது எனக்கு.

"என்னது? என்ன சொல்றா?" என்றார் அப்பா. "ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லேன்மா!"

அக்கா மூச்சை இழுத்தாள். "வேலை கெடச்சிருச்சுப்பா!"

தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். பேருந்து நிலையத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வரிசையில் நின்றிருந்த அத்தனை பேரும், பார்க்கிங் வரைக்கும், திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். நாய்கூடப் பார்த்தது.

அக்கா தூண் எதையும் தேடவில்லை. ஒட்டடை ஒட்டிய தலையை நிமிர்த்தி, அவர்களைப் பார்த்து நிதானமாகக் கையை நீட்டினாள்.

"டிக்கெட் கவுன்டர் அந்தப் பக்கம்" என்றாள்.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.